புதுப் போன், பழைய ஸ்டீரியோ: பாட்டு வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

நேற்றுவரை காரிலோ வீட்டிலோ நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்டீரியோ, புதுப் போன் வாங்கிய அன்றே கெட்டுப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே அதைக் கழற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். அது அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வயர், வயருக்கும் போனுக்கும் நடுவில் தொங்குகிற கன்வர்ட்டர், போனுக்குள் இருக்கிற ஏதோ ஒரு செட்டிங், இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கல் உட்கார்ந்திருக்கும். இருபது வருடம் உழைத்த ஆம்ப்ளிஃபையரை மரப்பெட்டி ஸ்பீக்கர்களோடு சேர்த்துப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, அதில் பாதி கூடப் பாடாத ஒரு ப்ளூடூத் டப்பாவை வாங்கி வந்தவர்களைப் பார்த்துவிட்டேன். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை. ஹெட்போன் ஓட்டை உள்ள பழைய போன் ஒன்று எல்லார் வீட்டு டிராயரிலும் கிடக்கும். அதை எடுத்துச் சார்ஜ் போட்டு, அதே வயரை அதில் சொருகுங்கள். பாட்டு வந்தால் ஸ்டீரியோவும் நல்லது, வயரும் நல்லது, இனி புதுப் போன் பக்கம் மட்டும் பார்த்தால் போதும். வரவில்லையா, வயரை மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் பாட்டு வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

சரி, இனி உங்களுக்கு என்ன கோளாறு என்று பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள்.

சொருகினாலும் பாட்டு போன் ஸ்பீக்கரிலேயே வருகிறது

2016-இல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் ஓட்டை போனது. 2017-இல் கூகுள் பிக்சல் 2, 2018-இல் ஒன்பிளஸ் 6டி, 2019-இல் சாம்சங் நோட் 10 என்று வரிசையாகப் பலரும் எடுத்துவிட்டார்கள். இப்போது டைப்-சி ஓட்டையில் சொருகுகிற சின்னக் கன்வர்ட்டர் ஒன்று தேவைப்படுகிறது, அதில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள்.

கன்வர்ட்டர் இரண்டு வகை. ஒன்று வெறும் வயர், உள்ளே எதுவுமே கிடையாது. போனே பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றி டைப்-சி வழியாக வெளியே அனுப்பினால்தான் அது வேலை செய்யும். இன்னொன்றின் உள்ளே டாக் என்கிற சில்லு இருக்கும், டிஜிட்டலை அனலாக்காக மாற்றுகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒன்பிளஸ் 6டி போன்ற சில போன்கள் வெறும் வயரையும் ஏற்கும். பிக்சலும் நோட் 10-க்குப் பிறகு வந்த சாம்சங்கும் ஏற்காது, அவற்றுக்கு டாக் உள்ளதுதான் வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் கடையில் வாங்கும்போதே "டாக் உள்ளதா?" என்று கேட்டு, முடிந்தால் அங்கேயே உங்கள் போனில் சொருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அனலாக் கருவி சொருகப்பட்டிருக்கிறது, அது இந்தப் போனுக்குப் பொருந்தாது என்ற மாதிரி ஒரு அறிவிப்பு திரையில் வந்தால் கையில் இருப்பது வெறும் வயர் வகை.

டாக் உள்ளதை வாங்கியும் சத்தம் இல்லையா? ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் பலவற்றில், டைப்-சியில் சொருகுகிற வெளிக் கருவிகளைப் போன் ஏற்க வைக்கும் ஓடிஜி என்ற செட்டிங்கை நாமே ஆன் செய்ய வேண்டும், கொஞ்ச நேரம் எதுவும் சொருகாமல் விட்டால் அது தானாக ஆஃப் ஆகிவிடும். "காலையில் பாடிச்சு, சாயங்காலம் பாடல" என்று சொல்கிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் போன் கவர். தடித்த கவர் போட்டிருந்தால் டைப்-சி முனை முழுதாக உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கவரைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். ஓட்டைக்குள் சட்டைப் பை நூலும் தூசும் அடைத்திருந்தாலும் இதே கதைதான். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

இசை வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் வரவில்லை

இந்தக் கோளாறைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறைய. எங்கள் பெரியப்பா ஒரு நாள் போன் செய்து, "டேய், மேளம், வயலின் எல்லாம் வருதுடா, பாடுறவங்களைத்தான் காணோம்" என்றார். போய் அவர் காரில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது சரிதான். தபேலா இருக்கிறது, கோரஸ் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, பாடகர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. ஆக்ஸில், அதாவது வெளியிலிருந்து பாட்டை உள்ளே விடுகிற ஓட்டையில், சொருகியிருந்த பின்னை இரண்டு விரலால் பிடித்து ஒரு நூல் அளவு வெளியே இழுத்தேன், குரல் பளிச்சென்று வந்துவிட்டது. "என்னடா பண்ணின?" என்றார். "ஒண்ணும் பண்ணல பெரியப்பா, வயர்தான் தப்பு" என்று பின்னைக் கழற்றிக் காட்டினேன்.

பின்னில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் இருந்தால் மூன்று துண்டாகப் பிரிந்த ஸ்டீரியோ பின்: நுனி இடது, நடு வலது, அடி எர்த் (இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி). மூன்று வளையம் இருந்தால் நான்கு துண்டு, மைக்கோடு வருகிற ஹெட்செட்டுக்கான பின். அதில் எர்த் மூன்றாவது துண்டில் இருக்கும், அடித்துண்டில் இருப்பது மைக். பழைய கார் செட்டின் ஓட்டைக்கு மூன்று துண்டுதான் தெரியும், எர்த்தை அடித்துண்டில் தேடும், அங்கே கிடைக்காது. எர்த் இல்லாமல் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். பாடகரின் குரலைப் பதிவு செய்யும்போது நடுவில், அதாவது இடதிலும் வலதிலும் சமமாக வைப்பார்கள். சமமாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகிறது. ஓரங்களில் வைத்த கருவிகள் தப்பிவிடுகின்றன.

தீர்வு, இரண்டு வளையம் உள்ள சாதாரண ஆக்ஸ் வயர், அவ்வளவுதான். சரியான வயர் போட்டும் குரல் போனால் பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது வயருக்குள் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. பாட்டு ஓடும்போதே பின்னுக்குப் பக்கத்தில் வயரை மடக்கி மடக்கிப் பாருங்கள், குரல் வந்து வந்து போனால் வயரைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சத்தம் ரொம்பக் குறைவு, அல்லது கூட்டினால் பிசிறுகிறது

போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள், அப்புறம் ஸ்டீரியோவில் தேவைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். போனில் பாதி, காரில் முழுசு என்று வைத்தால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகிறது. போனை முழுசாக வைத்துப் பிசிறினால் இரண்டு படி குறையுங்கள், போதும்.

ஆப்பிளின் டைப்-சி கன்வர்ட்டரை ஆண்ட்ராய்டு போனில் போட்டால் பல போன்களில் பாதிச் சத்தம்தான் வரும். கன்வர்ட்டர் கெட்டுப்போகவில்லை, அதற்குள் இருக்கும் வால்யூமை ஆண்ட்ராய்டு முழுசாக ஏற்றுவதில்லை. ஐபோனில் அதே கன்வர்ட்டர் கணீரென்று பாடும். ஐபோன்காரர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: ப்ளூடூத் பட்டியலில் உங்கள் கார் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தொட்டு, கருவி வகையைக் கார் ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் போன் அதை ஹெட்போன் என்று நினைத்து, காதுக்குப் பாதுகாப்பு என்று சத்தத்தைக் குறைத்துவிட வாய்ப்பு உண்டு. சாம்சங்கிலும் மீடியா வால்யூமுக்கு வரம்பு வைக்கிற செட்டிங் இருக்கிறது.

ஆக்சிலேட்டர் மிதித்தால் "ஙொய்ய்" என்ற சத்தமும் ஏறுகிறது

இது என்ஜின் ஓடும்போது வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் சத்தம். போனைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸில் பாட்டு கேட்டால்தான் பெரும்பாலும் வரும். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த் என்று ஒரே வண்டியில் இரண்டு பாதை உண்டாகிவிடுகிறது, அந்த வளையத்தில் ஓடுகிற சின்ன மின்சாரம் பாட்டோடு கலந்துவிடுகிறது. சோதனை சுலபம்: பாட்டு ஓடும்போது சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் டக்கென்று நின்றால் நான் சொன்னதேதான்.

கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சிகரெட் லைட்டர் அளவில் ஒரு டப்பா விற்கிறார்கள், சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர். பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கம்பித் தொடர்பு இருக்காது, அதனால் வளையம் அறுந்துவிடும். மலிவான டப்பாவில் பேஸ் என்கிற அடிச்சத்தம் கொஞ்சம் மெலியும். அது பிடிக்காதவர்கள் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பேட்டரி வைத்த, போனிலிருந்து வயரில்லாமல் பாட்டை வாங்குகிற ப்ளூடூத் ரிசீவரை ஆக்ஸில் சொருகலாம். பேட்டரி இல்லாத ரிசீவரை அதே லைட்டர் சாக்கெட்டிலிருந்து ஓட்டினால் அதே ஙொய் திரும்பி வந்துவிடும், வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

சார்ஜரைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் கோளாறு செட்டின் எர்த் வயரில். அதைக் கார் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ப்ளூடூத்தில் போன் பேச முடிகிறது, பாட்டு வரவில்லை

பேசுவதற்கு ஒரு முறை, பாட்டுக்கு இன்னொரு முறை. ப்ளூடூத்தில் இரண்டும் தனித்தனி. பழைய கார்களில் சிலவற்றில் பேசுகிற வசதியை மட்டும்தான் வைத்தார்கள். அப்படியானால் எந்தப் போன் கொண்டுவந்தாலும் பாட்டு வராது, ஆக்ஸ் அல்லது ரிசீவர் வழிதான். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் போனில் ப்ளூடூத் பட்டியலில் கார் பெயரைத் தொட்டு, மீடியா ஆடியோ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் ஆகிக் கிடந்ததை ஆன் செய்ததும் பாடிய கார்கள் உண்டு.

இணையவே மறுத்தால் கார் செட்டின் நினைவில் பழைய போன்கள் நிரம்பியிருக்கலாம். ஐந்து போனுக்கு மேல் ஏற்காத செட்டுகள் நிறைய இருக்கின்றன, மாப்பிள்ளை போன், டிரைவர் போன், விற்றுவிட்ட போன் எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, போனிலும் கார் பெயரை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். எண் கேட்டால் 0000, இல்லாவிட்டால் 1234.

பாட்டு வருகிறது, ஆனால் பாட்டின் பெயர் தெரியவில்லை, அடுத்த பாட்டுக்குப் போகிற பட்டன் வேலை செய்யவில்லை, அல்லது வால்யூம் ஏடாகூடமாக ஏறி இறங்குகிறது என்றால் ஆண்ட்ராய்டில் ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் அபவுட் போன் போய் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ப்ளூடூத் ஏவிஆர்சிபி வெர்ஷன் என்பதை 1.4 அல்லது 1.3 ஆகக் குறைத்து, ப்ளூடூத்தை அணைத்துப் போடுங்கள். வால்யூம் பிரச்சினைக்கு அதே இடத்தில் டிசேபிள் அப்சல்யூட் வால்யூம் என்பதை ஆன் செய்யுங்கள். அங்கே இருக்கிற மற்ற எதையும் தொட வேண்டாம்.

யூஎஸ்பி வயரில் போட்டால் சார்ஜ் ஏறுகிறது, செட் எதையும் படிக்கவில்லை

பழைய செட்டின் யூஎஸ்பி ஓட்டைக்குப் பென் டிரைவ்தான் தெரியும். ஆண்ட்ராய்டு போன்கள் ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரியே தெரியும். 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0 வந்த காலத்திலிருந்து அந்த முறை கைவிடப்பட்டு எம்டிபி என்ற வேறு முறை வந்துவிட்டது. போனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றினாலும் பழைய செட்டுக்கு அது புரியாது. இதில் மல்லுக்கட்ட வேண்டாம். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து எம்பி3 ஃபைல்களைப் போட்டுச் சொருகிவிடுங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் வருபவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வரும், பழைய செட் படிக்காது. ஃபைல் பெயர் தமிழில் இருந்தால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், பாட்டு பாடும், கவலை வேண்டாம். செயலிகளில் டவுன்லோடு செய்து வைத்த பாட்டுகள் பூட்டப்பட்டவை, அவற்றைப் பென் டிரைவுக்கு மாற்ற முடியாது.

காரில் ஆக்ஸ் ஓட்டையே இல்லை, அல்லது ஓட்டை இருந்தும் ஆக்ஸ் என்ற சோர்ஸ் வரவில்லை

இரண்டாவதை முதலில் பாருங்கள். பல செட்டுகளில் ஆக்ஸை மெனுவுக்குள் போய் ஆன் செய்ய வேண்டும். பயனியர் செட்டுகளில் அணைத்து வைத்த நிலையில் சோர்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் வருகிற ஆரம்ப செட்டிங்கில் அது இருக்கும்.

ஓட்டையே இல்லாத வண்டிக்கு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், அதாவது போன் பாட்டைக் குட்டி வானொலி நிலையம் மாதிரி கார் ரேடியோவுக்கு அனுப்புகிற கருவி. இதில் எல்லாமே காலி அலைவரிசையைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3, 98.3, 101.4, 102.3, 104.8, 106.4 எல்லாம் நிலையங்களுக்கு ஒதுக்கிய எண்கள், 90.4-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி. அதனால் 88-க்கும் 89.5-க்கும் நடுவில் தேடுங்கள். டிரான்ஸ்மிட்டரைப் போடுவதற்கு முன்பே ரேடியோவில் அந்த எண்ணை வைத்து வெறும் இரைச்சல் மட்டும் வருகிறதா என்று கேளுங்கள், லேசாக யாராவது பேசினால் அந்த எண் வேண்டாம். விழுப்புரம் தாண்டினால் அங்கே வேறு நிலையம் வந்து மேலே ஏறும், அப்போது இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இலங்கையில் ஓடுகிற ஜப்பான் ரீகண்டிஷன் வண்டிகளில் இன்னொரு சங்கடம். அவற்றில் உள்ள பழைய ரேடியோக்கள் பெரும்பாலும் ஜப்பானுக்காக 76 முதல் 90 வரை மட்டும் பிடிக்கும்படி செய்தவை. டிரான்ஸ்மிட்டர் 87.5-இல் தொடங்குகிறது. ஆகவே 87.5-க்கும் 90-க்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன இடத்துக்குள்தான் இரண்டும் சந்திக்க முடியும். டிரான்ஸ்மிட்டரை 98-இல் வைத்துக்கொண்டு ரேடியோவில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

கேசட் போடுகிற செட் என்றால், கேசட் வடிவில் வயரோடு வருகிற கேசட் அடாப்டர் எஃப்எம்மைவிட நல்ல சத்தம் தரும். உள்ளே போட்டதும் துப்பிவிட்டால் அல்லது பக்கம் மாற்றி மாற்றி ஓடினால் செட்டின் ஆட்டோ ரிவர்ஸ் குழம்புகிறது. பக்கம் மாற்றுகிற பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள், டால்பி பட்டன் இருந்தால் ஆஃப் செய்யுங்கள், மந்தமாகக் கேட்டால் செட்டுக்குள் டேப்பைப் படிக்கிற ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

வீட்டு ஆம்ப்ளிஃபையரில் எந்த ஓட்டையில் சொருகுவது?

ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறு முனையில் சிவப்பு, வெள்ளைப் பின்கள் உள்ள வயர் வேண்டும். சிவப்பு வலது. பின்பக்கம் ஆக்ஸ், சிடி, டியூனர், டேப் இன் என்று எழுதிய எதில் வேண்டுமானாலும் சொருகலாம். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். போன் என்று வாசித்துவிட்டு அதில் சொருகியவர்கள் உண்டு. அது இசைத்தட்டு ஓட்டுகிற ரெக்கார்டு பிளேயருக்கானது, சில மில்லிவோல்ட் வந்தாலே போதும் என்று எதிர்பார்க்கும், நம் கைபேசி தருவதோ அரை வோல்ட், சில சமயம் அதற்கும் மேல். கொரகொரவென்று காது கிழியும்.

டேப்புக்கு இரண்டு ஜோடி ஓட்டைகள் இருக்கும். ரெக் அவுட் என்பது வெளியே போகிற வழி, அதில் சொருகினால் ஒன்றும் வராது. முன்பக்கம் டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருந்தால் ஆக்ஸில் எதைச் சொருகினாலும் ஊமைதான், அதை வெளியே எடுங்கள். ஐந்து குச்சி வட்டச் சாக்கெட் உள்ள பழைய ஆம்ப்ளிஃபையர் என்றால் 3, 5 இரண்டும் பாட்டு உள்ளே போகிற கால்கள், நடுவில் உள்ள 2 எர்த்.

டூ-இன்-ஒன்னில் மைக் ஓட்டையும் வெளி ஸ்பீக்கர் ஓட்டையும் மட்டும் இருந்தால் போன் வயரை இரண்டிலும் சொருகாதீர்கள். மைக்கில் பிசிறும், ஸ்பீக்கர் ஓட்டையிலிருந்து வருகிற மின்சாரம் போனையே கெடுக்கலாம். தாத்தா காலத்து வால்வ் ரேடியோவாக இருந்தால் இன்னும் கவனம். அவற்றில் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேராக மெயின்ஸில் ஓடுகிறவை உண்டு, உள்ளே இருக்கிற இரும்புச் சட்டமே கரண்டில் நிற்கும். அதில் வயர் இழுத்துப் போனைக் கையில் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. தெரிந்த மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை தொட வேண்டாம்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது

பின்னால் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். ஊமையான பக்கமும் மாறினால் வயரிலோ போனிலோ கோளாறு. போனின் அணுகல்தன்மை செட்டிங்கில் இடது வலது பேலன்ஸ் ஓரமாக நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கம் மாறாமல் அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் ஆம்ப்ளிஃபையர் பக்கம் பார்க்க வேண்டும், அப்போதும் பயப்பட வேண்டியதில்லை. எந்த ஓட்டையின் பாட்டு வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற, வருடக்கணக்கில் திருப்பாத செலக்டர் குமிழுக்குள் கறுப்பு படிந்திருக்கும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தக் குமிழை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இருபது முறை திருப்புங்கள், பேலன்ஸையும் வால்யூமையும் அதேபோல. எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் இடது பக்கம் ஒரு வருடமாக ஊமையாக இருந்தது, ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று அப்பா முடிவே கட்டியிருந்தார். பதினைந்தாவது திருப்பலில் குமிழ் கொஞ்சம் லேசானது கையில் தெரிந்தது. பிளக்கைச் சொருகி, வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து வைத்து, போனில் பாட்டைப் போட்டு மெதுவாக ஏற்றினேன். முதலில் இரண்டு முறை "கர்... கர்...", அப்புறம் இடது ஸ்பீக்கரிலிருந்து தம்புரா வந்தது.